பொலிகாளை வாங்குமுன் அடிவயிற்றைத் தடவிப் பாருங்கள்

பதினைந்து மாத எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பினக் காளையைப் பொலிக்கென்று நல்ல விலை கொடுத்து வாங்கிய விவசாயி ஒருவர் இப்போது கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். அதனிடம் சினையான மாடுகள் ஈன்றதில் மூன்று கன்றுகளுக்குத் தொப்புளில் எலுமிச்சை அளவு புடைப்பு. வேறு வேறு கொட்டகை, வேறு வேறு தாய். பொதுவானது தகப்பன் மட்டும்.

காளையைப் பரிசோதித்த மருத்துவர் கையை நேராகத் தொப்புளுக்குக் கொண்டுபோனார். முடிக்கடியில் நீளவாக்கில் தழும்பு, உள்ளே வரிசையாக நெருடும் தையல் முடிச்சுகள். தொப்புளில் வயிற்றுச்சுவர் ஓட்டை வழியே குடல் பிதுங்கும் குடலிறக்கத்தைத் தைத்து மூடியிருக்கிறார்கள். விற்கும்போது தரகர் சொன்னது, "முள்வேலி கிழிச்சதுங்க." இப்போது சொல்வது, "தொப்புள்ல சீழ் வச்சு வந்தது, பரம்பரை எல்லாம் கிடையாது." பணம் திரும்பவில்லை.

தரகர் பேச்சில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. தொப்புள்கொடியில் சீழ் பிடித்தால் வயிற்றுச்சுவரின் ஓட்டை மூடாமல் போகும், இறக்கம் வரும். அப்படி வந்ததில் சூடு, வலி, கெட்டியான தடிப்பு இருந்திருக்கும். பரம்பரையாக வருவது பெரும்பாலும் மெத்தென்று, வலியில்லாமல், அழுத்தினால் உள்ளே போகும். ஆனால் ஒரே ஒரு கன்றை வைத்து இதுதான் காரணம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. எச்.எஃப். இனத்தில் சில காளைகளின் வாரிசுகளிடம் இது கூடுதலாக வருவது தெரிந்த விஷயம். அதனால் சந்தேகம் இருந்தாலே பொலிக்கு வேண்டாம். தையல் ஓட்டையைத்தான் மூடும், விந்தில் போவதை அல்ல.

வாங்கும்போது காளையை நிற்கவைத்து, குறியுறைக்கு முன்னால் உள்ள தொப்புள் பகுதியை விரல் நுனியால் அழுத்தித் தடவுங்கள். தழும்பு, முடிச்சு, விரல் நுழையும் பள்ளம் எது இருந்தாலும் விட்டுவிடுங்கள். இளங்கன்று என்றால் மல்லாத்திப் படுக்கவைத்து, புடைப்பை உள்ளே தள்ளி, ஓட்டையில் எத்தனை விரல் போகிறது என்று பாருங்கள். படுத்திருக்கும் கன்றை மட்டும் பார்த்து விலை பேசாதீர்கள், புடைப்பு உள்ளே போய் மறைந்திருக்கும்.

ஒரு விரல், இரண்டு விரல் அளவு ஓட்டை ஆறு மாதத்துக்குள் தானாகவே மூடலாம். அதைவிடப் பெரிதென்றாலும் ஆறு மாதம் தாண்டியும் இருந்தாலும் அறுவை சிகிச்சைதான். உள்ளே தள்ள முடியாமல் இறுகி, கன்று வயிற்றை உதைத்துத் தீனி மறுத்தால் அன்றைக்கே மருத்துவர் வர வேண்டும். சீழ்க்கட்டி என்று நினைத்துப் பிளேடு போடும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். கட்டிக்குப் பதில் குடல் கையில் வரும். புடைப்பில் ரப்பர் வளையம் மாட்டுவதும் அதே ரகம்தான்: உள்ளே ஒரு மடிப்புக் குடல் சிக்கியிருந்தால் அது அழுகிக் கன்று போய்விடும்.

காளைக்கன்றுக்கு அறுவை செய்தால் அதே மயக்கத்தில் காயடித்துவிடச் சொல்லுங்கள். இறைச்சிக்கோ வேலைக்கோ வளர்ப்பதில் ஒரு குறையும் இல்லை. கிடேரியைப் பாலுக்கு வைத்துக்கொள்ளலாம். அது ஈனும் காளைக்கன்றைப் பொலிக்கு விடாதீர்கள்.

அந்தக் காளையிடம் ஏற்கெனவே சினைபிடித்த மாடுகள் இருந்தால், கன்று விழுந்ததும் தொப்புள்கொடியை 7 சதவீத டிங்சர் அயோடினில் முழுதாக நனையுங்கள். சில மணி நேரத்துக்குள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால், அதாவது 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர். கன்றின் தகப்பன் எது என்று எழுதி வையுங்கள், விற்கும்போது வாங்குபவரிடம் அதைச் சொல்லுங்கள்.