அஸூர் போர்ட்ஸ் ரிவ்யூ: லீன் (Lean) முறைல வேலை பாக்க நினைக்கிற சின்ன டீமுக்கு

போர்டு டூல், அதாவது ஒவ்வொரு வேலையையும் ஒரு கார்டா போட்டு கட்டம் கட்டமா நகர்த்திப் பாக்குற டூல், எடுக்கும்போது எல்லாரும் யூஐ எப்படி இருக்கு, மொபைல்ல ஓபன் ஆகுதா, சாட்டோட கனெக்ட் ஆகுதான்னுதான் கேக்குறாங்க. நான் இங்க பாக்கப்போறது ஒரே ஒரு விஷயம்தான், பாதில நிக்கிற வேலைய இது கண்ணுல காட்டுதா இல்லையா. நாங்க சப்போர்ட், பக் ஃபிக்ஸ், சின்னச் சின்ன ஃபீச்சர்னு பண்ற டீம், இத்தனை நாளுக்குள்ள இவ்ளோ வேலைன்னு பிரிக்கிற ஸ்பிரின்ட்லாம் கிடையாது, வர்ற வேலைய வரிசையா இழுத்து முடிச்சு அனுப்புறதுதான். அந்த மாதிரி டீமுக்கு மைக்ரோசாஃப்டோட அஸூர் போர்ட்ஸ தைரியமா சொல்வேன். அதுல இருக்க ஒரு செட்டிங்குக்காகவே சொல்வேன், அத பத்தி கீழ விரிவா எழுதிருக்கேன்.

கொஞ்சம் பின்னணி. லீன்ங்கிறது வீணா போற வேலைய கண்டுபிடிச்சு குறைக்கிற முறை. டொயோட்டால தைச்சி ஓனோ ஏழு வகை வீண்னு பிரிச்சு வெச்சாரு. மேரி பாப்பன்டீக், டாம் பாப்பன்டீக் ரெண்டு பேரும் 2003ல அத அப்படியே சாஃப்ட்வேருக்கு கொண்டு வந்தாங்க. பாதில நிக்கிற வேலை, யாரும் கேக்காத ஃபீச்சர், தேவையில்லாத ப்ராசஸ், ஒரு வேலைல இருந்து இன்னொண்ணுக்கு தாவுறது, காத்திருக்கிறது, ஆளையும் தகவலையும் தேடி அலையுறது, டிஃபெக்ட். இந்த ஏழுல முதல்ல சொன்னதுதான் எங்கள மாதிரி டீமுங்கள சாகடிக்குது. ஃபேக்டரில ஸ்டாக் குவிஞ்சா நடக்கவே வழி இருக்காது, யாராவது கத்துவாங்க. எழுதி முடிச்சு ரிவ்யூ ஆகாம கிடக்கிற கோட் பிரான்ச்சுக்கு யாரும் கத்த மாட்டாங்க, அது பாட்டுக்கு கோட் வெச்சிருக்க ரெப்போல கிடக்கும்.

இப்ப அந்த செட்டிங். போர்டு செட்டிங்ஸ்ல ஒவ்வொரு கட்டத்துக்கும் 'டூயிங், டன்'னு ரெண்டா பிரிக்க ஒரு ஆப்ஷன் இருக்கு. அதாவது 'டெவலப்மென்ட்'ங்கிற கட்டம் உள்ளயே ரெண்டு பாதி வந்துடும், எழுதிட்டு இருக்கிறது இடப்பக்கம், எழுதி முடிச்சு டெஸ்டர் எடுக்கட்டும்னு வெயிட் பண்றது வலப்பக்கம். பாக்க சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனா பிரிக்காத போர்டுல டெவலப்பர் முடிச்ச உடனே கார்ட தள்ளி டெஸ்டிங்ல போட்டுடுவாரு, டெஸ்டிங்ல எட்டு கார்டு இருக்கும், அதுல நிஜமா டெஸ்ட் ஆகுறது ரெண்டுதான், மீதி ஆறு சும்மா க்யூல நிக்குது, வெளிய இருந்து பாக்குற மேனேஜர் என்ன நினைப்பாரு, டெஸ்டர் ஸ்லோன்னு நினைப்பாரு. பிரிச்ச போர்டுல அந்த ஆறும் டெவலப்மென்ட்டோட டன் பாதிலதான் நிக்கும். டெஸ்டர் கைல இடம் இருக்கும்போது அவரே வந்து இழுத்துக்குவாரு.

ஒரு கட்டத்துல ஒரே நேரத்துல எத்தன கார்டு இருக்கலாம்னு லிமிட் வைக்கலாம். இதுல முக்கியமான பாயின்ட், அந்த லிமிட் ரெண்டு பாதிக்கும் சேர்த்துதான். டெவலப்மென்ட்டுக்கு லிமிட் 5னு வெச்சா, நாலு கார்டு முடிஞ்சு டன்ல நின்னாலும் அதையும் எண்ணும், புதுசா ஒண்ணுதான் எடுக்க முடியும். எங்க போர்டுல இன்வாய்ஸ் பிடிஎஃப்ல ஜிஎஸ்டி ரவுண்டிங் ஃபிக்ஸ் ஒண்ணு, பாஸ்வேர்டு ரீசெட் மெயில் ஒண்ணு, ரிப்போர்ட் எக்ஸ்போர்ட் ரெண்டுன்னு டன்ல நாலு வரிசையா நின்னுச்சு, டூயிங்ல ஒண்ணு, தலைப்புல 5/5னு காட்டுது. லிமிட்ட மதிச்சா புதுசா எடுக்க வழியில்ல. அப்ப டெவலப்பர் ரெண்டு பேரு டெஸ்டர் பக்கத்துல போய் உக்காந்து டெஸ்ட் டேட்டா ரெடி பண்ணி குடுத்தாங்க, யாரும் சொல்லல, மீட்டிங் போடல. அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள நாலுல மூணு கார்டு நகர்ந்துடுச்சு. லீன்ல 'புல்' (pull), அதாவது தள்ளாம இழுக்கிறதுன்னு சொல்றது இதத்தான்.

லிமிட் பத்தி இன்னும் கொஞ்சம். முதல் கட்டத்துக்கும் கடைசி கட்டத்துக்கும் லிமிட் கிடையாது, நடுவுல இருக்கிறதுக்கு டீஃபால்ட்டா 5. நிறைய டீம் அத தொடவே மாட்டாங்க, ஆறு பேருக்கும் 5, ரெண்டு பேருக்கும் 5. தயவு செஞ்சு மாத்துங்க. கணக்கு ரொம்ப சிம்பிள், கைல இருக்க வேலைய முடிக்கிற வேகத்தால வகுத்தா காத்திருக்கிற நேரம் வரும்னு சொல்ற லிட்டில்ஸ் லாதான்: வாரத்துக்கு சராசரியா 3 கார்டு முடிக்கிற டீம் கைல 12 கார்டு இருந்தா ஒரு கார்டு வெளிய போக சராசரியா 4 வாரம், அதே டீம் 6 கார்டு மட்டும் கைல வெச்சுக்கிட்டா 2 வாரம். யாரும் வேகமா டைப் பண்ணல, ஓவர்டைம் பாக்கல, கஸ்டமருக்கு மட்டும் பாதி நேரத்துல கைக்கு வருது.

ஆனா லிமிட் தாண்டுனா என்ன பண்ணும்? எண்ணு சிவப்பா மாறும், அவ்ளோதான். 6/5னு காட்டிட்டு கார்ட உள்ள விட்டுடும். இது எனக்கு பெரிய குறை. வேண்டிய டீம் ஆன் பண்ணிக்கிற மாதிரி 'உள்ள விடாதே'ன்னு ஒரு செட்டிங் குடுத்திருக்கணும். டொயோட்டா லைன்ல பிரச்சனைய பாத்த தொழிலாளி ஆண்டன்ங்கிற எச்சரிக்கை கயிற இழுத்தும் பிரச்சனை தீரலன்னா லைன் நிக்கும், இங்க கலர் மாறுறதோட முடிஞ்சுது, சிவப்பு ரெண்டு வாரம் இருந்தா கண்ணுக்கு பழகிடும். அதனால சிவப்பு வந்தா அன்னிக்கே பேசணும்னு டீமா ஒரு ரூல் வெச்சுக்குங்க.

கைல எடுக்கிற வேலைக்கு லிமிட் வைக்கிற இந்த மெத்தட், அதாவது கான்பான், சாஃப்ட்வேர்ல நம்ம ஊர் பக்கத்துல இருந்தே தொடங்குனதுன்னு நிறைய பேருக்கு தெரியாது. 2004, 2005 வாக்குல மைக்ரோசாஃப்டோட சொந்த ஐடி டிபார்ட்மென்ட்ல ஒரு மெயின்டெனன்ஸ் டீம், வேலை பாத்த ஆளுங்க ஹைதராபாத்ல. ஒரு ரிக்வெஸ்ட் குடுத்தா முடிய அஞ்சு மாசம் ஆகும். மேனேஜர் டிராகோஸ் டுமிட்ரியு, கூட பின்னாடி கான்பான் பத்தி புத்தகம் எழுதுன டேவிட் ஆண்டர்சன், ரெண்டு பேரும் உக்காந்து பாத்தா டீமோட கணிசமான நேரம் எஸ்டிமேட் போடவே போகுது, அந்த எஸ்டிமேட் போட்ட ரிக்வெஸ்ட்ல பல வேலை நடக்கவே போறதில்ல. எஸ்டிமேட்ட நிறுத்துனாங்க, கைல எடுக்கிற வேலைக்கு வரம்பு வெச்சாங்க. வருஷம் முடியிறதுக்குள்ள அஞ்சு மாசம்ங்கிறது சில வாரமா குறைஞ்சுடுச்சு. ஆளுங்க அதே ஆளுங்கதான் பெரும்பாலும். சாஃப்ட்வேர் கான்பான்னு இன்னிக்கு சொல்றதோட ஆரம்பக்கதைகள்ல முக்கியமானது இது.

அதனாலதான் அஸூர் போர்ட்ஸ் கார்டுக்குள்ள ஸ்டோரி பாயின்ட்ஸ், ஒரிஜினல் எஸ்டிமேட், ரிமெய்னிங் ஒர்க், கம்ப்ளீட்டட் ஒர்க்னு எஸ்டிமேட்டும் கணக்கும் போட பாக்ஸ் பாக்ஸா இருக்கிறத பாத்தா எனக்கு கஷ்டமா இருக்கு. காலியா ஒரு பாக்ஸ் இருந்தா யாராவது நிரப்ப சொல்லுவாங்க. நல்ல வேளையா கார்டு மேல எந்த ஃபீல்டு தெரியணும்னு நாமளே தேர்ந்தெடுக்கலாம், நாங்க பேரு, டேக் ரெண்ட மட்டும் வெச்சிருக்கோம்.

எனக்கு ரொம்ப புடிச்ச இன்னொண்ணு கார்டு கலர் ரூல். கடைசியா மாத்துன தேதி இன்னிக்கு மைனஸ் 5 நாளுக்கு முன்னாடின்னா கார்டு ஆரஞ்சா ஆகட்டும்னு ஒரு ரூல் எழுதிடலாம். யாரும் தொடாம கிடக்கிற கார்டு தானா கலர் மாறி நிக்கும், காலைல போர்டு முன்னாடி நிக்கும்போது 'நேத்து என்ன பண்ணீங்க'ன்னு ஆள் ஆளா கேக்க வேண்டாம், ஆரஞ்சு கார்டுல இருந்து ஆரம்பிச்சா போதும். டேஷ்போர்டுல லீட் டைம், சைக்கிள் டைம் விட்ஜெட் ரெண்டும் இருக்கு. லீட் டைம் கார்டு உருவான நாள்ல இருந்து எண்ணும், சைக்கிள் டைம் வேலை தொடங்குனதுல இருந்து. ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி பெருசா இருந்தா உங்க பேக்லாக் (இன்னும் தொடங்காத வேலை லிஸ்ட்) குப்பையா இருக்குன்னு அர்த்தம், டெவலப்பர திட்டி பிரயோஜனம் இல்ல.

வேற குறைகள் வேகமா சொல்லிடுறேன். ஆளுக்கு இத்தனைதான்னு லிமிட் வைக்க வழி இல்ல. அஸூர் போர்ட்ஸ்ல வர்ற ரெடிமேட் அமைப்புகள்ல ஒண்ணான அஜைல் ப்ராசஸ்ல வெளி ஆளுக்காக நிக்கிற வேலைக்குன்னு தனி நிலை இல்ல, டேக் போட்டு அதுக்கு கலர் குடுத்துதான் சமாளிக்கணும். ஒவ்வொரு டீமுக்கும் தனி போர்டுங்கிறதால ஒரு வேலை மூணு டீம் தாண்டிப் போறப்ப முழு பாதையும் ஒரே பார்வைல கிடைக்காது, லீன்ல முழுசையும் பாருன்னு சொல்றதுக்கு இது நேர் எதிர். செட்டிங்ஸ் பக்கமும் புதுசா வர்றவங்கள பயமுறுத்தும், ஒரு ஃபீல்டு சேக்கணும்னா கூட ஆர்கனைசேஷன் லெவல்ல போய் ப்ராசஸ மாத்தணும்.

ட்ரெல்லோ இத விட நூறு மடங்கு ஈசி, ஆனா லிமிட்டுக்கு பவர்-அப்ங்கிற கூடுதல் வசதி சேக்கணும், கட்டத்த ரெண்டா பிரிக்கிறது இல்ல. ஜிராலயும் லிமிட் இருக்கு, தாண்டுனா அங்கயும் சிவப்புதான், டூயிங் டன் வேணும்னா ரெண்டு தனி கட்டமா வைக்கணும், ரெண்டுக்கும் சேர்த்து ஒரு லிமிட் போட முடியாது. ஏற்கனவே ஜிரால செட்டில் ஆன டீம் இதுக்காக மட்டும் மாற வேண்டாம், மாறுற உழைப்புக்கு ஈடு ஆகாது.

விலை: முதல் 5 பேருக்கு ஃப்ரீ, அதுக்கு மேல ஆளுக்கு மாசம் 6 டாலர். ரிக்வெஸ்ட் போடுறவங்க, பாக்குறவங்க ஸ்டேக்ஹோல்டரா எத்தன பேரு வேணாலும் ஃப்ரீயா வரலாம். நாலஞ்சு பேர் டீம்னா காசே இல்லாம இன்னிக்கே ஆரம்பிக்கலாம், முதல்ல டெவலப்மென்ட் கட்டத்த ரெண்டா பிரிங்க, லிமிட்ட ஆளு எண்ணிக்கைக்கு ஏத்தா மாதிரி குறைங்க, 'டெஃபனிஷன் ஆஃப் டன்' பெட்டில எது முடிஞ்சா டன்னுக்கு நகர்த்தலாம்னு ரெண்டு வரி எழுதி வைங்க. மத்த செட்டிங்ஸ்லாம் ஒரு மாசம் கழிச்சு பாத்துக்கலாம்.