கடல்நீரில் ஊறிய பலகை: ஒரு மரக்காலையின் பதனிடும் சேவை

திருகோணமலையில், நிலாவெளிப் பக்கமாக உள்ள ஒரு மரக்காலையில் யன்னல் நிலைகளுக்கும் கூரைக் கைமரங்களுக்கும் மரம் வாங்கி, பதனிடவும் அங்கேயே கொடுத்தேன். அறுப்பு நேர்த்தி, அளவில் பிசகில்லை. ஆனால் தனிக்கட்டணம் பெறும் இரு பதனிடல்களில் ஒன்றுதான் கொடுத்த காசுக்குத் தகும்.

தகாதது கடல்நீரில் ஊறவைத்தல். உப்பேறிய மரத்தைப் பூஞ்சணம் தொடாது என்கிறார் முதலாளி. உப்புச் செறிவு மிகுந்தால், ஈரம் இருந்தும் பூஞ்சண இழைகளால் அதை உறிஞ்ச முடியாமல் வளர்ச்சி தளரும் என்பது மெய்யே. முற்காலத்தில் மரக்கப்பல் கட்டியோர் சட்டங்களுக்கிடையே கல்லுப்பு நிரப்பியதும் இதனால்தான். ஆனால் கடல்நீரில் உப்பு ஏறத்தாழ 3.5 சதவீதமே. வெளியில் நிற்கும் மரத்திலிருந்து அதை மாரி மழை கழுவிவிடும். மழை படாத இடத்திலோ, காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்பே நீரை இழுத்து மரத்தை நனைத்து வைக்கும், ஆணிகளும் துருவேறும். முதலாளி ஈரமானியைக் குத்திக் காட்டியபோது ஊறிய பலகை 27 சதவீதம், பக்கத்தில் ஊறாத பலகை 16. உப்பு மின்னைக் கடத்துவதால் மானி கூட்டிக் காட்டும் என்பதைக் கழித்தாலும், பலகை முகத்தில் வெள்ளையாகப் பூத்திருந்த உப்பும் விரலில் ஒட்டிய பிசுபிசுப்பும் எனக்குப் போதுமாயிருந்தன.

கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் காலத்து வெயிலில் பூஞ்சணம் செத்துவிடும் என்பதும் அவர் வாதம். மரத்தை உக்கச் செய்யும் பூஞ்சணங்களிற் பல 25 முதல் 30 பாகை செல்சியஸில் செழிக்கின்றன. நம் ஊரின் ஆண்டுச் சராசரியோ 28 பாகையை ஒட்டியது. 40 பாகைக்கு மேல் பெரும்பாலானவை வளர்ச்சியை நிறுத்தும், ஆனால் உடனே சாவதில்லை. ஏற்றுமதிக்கான மரப்பெட்டிகளை வெப்பத்தால் பதனிடுவதானால்கூட, உட்பகுதி 56 பாகையில் 30 நிமிடம் இருக்கும்படி சூடாக்க வேண்டும் என்பதே சர்வதேச விதி. கச்சானின் பயன் உலர்த்துவதில் இருக்கிறது: ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே நிற்கும் மரம் உக்காது.

தகுந்தது, வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் அமிழ்த்துவது. ஈரப் பலகையில் அது உள்ளே பரவும். ஓட்டின் கீழுள்ள கைமரத்துக்கு மிக ஏற்றது. மழை படும் நிலைகளிலிருந்து கரைந்து போகும் என்பதால் அவற்றுக்கு மேலே நல்ல வண்ணப்பூச்சு வேண்டும். நான் கேட்கும் முன்பே பட்டறைத் தம்பி இதைச் சொன்னார். வீட்டில் தச்சர் மறுபடி அறுக்கும் முனைகளுக்குப் பூசவென ஒரு போத்தல் கரைசலைக் காசில்லாமல் தருகிறார்கள். கேட்டு வாங்க வேண்டும்.