விண்டோஸ் 11: ஹோம் போதுமா, புரோ வேண்டுமா?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டதால், புதுக் கணினி வாங்குகிற பலரும் இப்போது விண்டோஸ் 11-இல் ஹோம் பதிப்பை எடுப்பதா, புரோ பதிப்பை எடுப்பதா என்று யோசிக்கிறார்கள். கூடுதல் பணம் கொடுத்துப் புரோ வாங்கினால் கணினி வேகமாக ஓடும் என்று நம்புகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், அது உண்மையல்ல. இரண்டுக்கும் உட்கரு, அதாவது கணினியை இயக்கும் மைய நிரல், ஒன்றுதான். ஹோம் 128 ஜிபி ரேம் வரை ஏற்கும், புரோ 2 டிபி வரை ஏற்கும் என்பது சரிதான் என்றாலும், 16 ஜிபி ரேமுடன் கணினி வாங்குகிறவருக்கு அந்த உச்சவரம்பால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

உண்மையான வேறுபாடு வட்டைப் பூட்டும் முறையில் இருக்கிறது. வட்டிலுள்ளதைச் சாவியில்லாமல் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கிப் பூட்டும் பிட்லாக்கர், புரோவில் முழுமையாகக் கிடைக்கிறது: எந்தெந்த வட்டைப் பூட்டுவது, மீட்புச் சாவியை எங்கே வைத்துக்கொள்வது என்பதையெல்லாம் நாமே முடிவு செய்யலாம், பென் டிரைவையும் பூட்டலாம். ஹோமில் இருப்பது அதன் சுருங்கிய வடிவம். அமைப்புகளில் ஒரே ஒரு பொத்தான், போடலாம் அல்லது அணைக்கலாம், அவ்வளவுதான். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே அது தானாக இயங்கி, சாவியை அந்தக் கணக்கில் சேமித்துவிடுவதும் உண்டு. தம் வட்டு பூட்டப்பட்டிருக்கிறது என்பதையே அறியாத ஒருவர், பயாஸை (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளை) புதுப்பித்த பின் நீலத் திரையில் மீட்புச் சாவியான 48 இலக்க எண்ணைக் கேட்டு நிற்கும் கணினியைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான். எந்தப் பதிப்பை எடுத்தாலும் அந்த எண்ணைத் தாளில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது, ஒரு கணினியை வேறோர் இடத்திலிருந்து இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப். ஹோம் கணினியிலிருந்து வேறொரு கணினிக்குள் நுழையலாம்; ஆனால் ஹோம் கணினிக்குள் வெளியிலிருந்து இந்த வசதியின் வழியே நுழைய முடியாது. அமைப்புகளில் அந்தப் பக்கத்தைத் திறந்தால், உங்கள் பதிப்பு இதை ஆதரிக்கவில்லை என்ற ஒரு வரிதான் இருக்கும். வீட்டு மேசையிலுள்ள கணினியை வெளியூரிலிருந்து அன்றாடம் இயக்க வேண்டியவருக்கு, என் கணிப்பில், புரோ வாங்க இந்த ஒரு காரணமே போதும். எப்போதாவது ஒருமுறை உறவினருக்கு உதவுவதற்கு என்றால் ஹோமிலேயே இருக்கும் குவிக் அசிஸ்ட் அந்த வேலையைச் செய்துவிடும்.

கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை மென்பொருளாக ஓட்டும் ஹைப்பர்-வி, சந்தேகத்துக்குரிய கோப்பைத் தனியே திறந்து பார்க்க உதவும் சாண்ட்பாக்ஸ், விண்டோஸ் நடந்துகொள்ளும் விதிகளை மாற்ற உதவும் குரூப் பாலிசி எடிட்டர் ஆகியவை புரோவுக்கே உரியவை. நிரல் எழுதுகிறவர்களில் பலர் லினக்ஸ் சூழலுக்காகவே புரோவைத் தேடுகிறார்கள். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 ஹோமிலும் இயங்குகிறது என்பதால் அந்தச் செலவு வீண். அப்டேட் விஷயத்தில் ஹோமில் ஐந்து வாரம் வரை நிறுத்தி வைக்கலாம்; புரோவிலோ குரூப் பாலிசி வழியாகப் பெரிய பதிப்பு மாற்றத்தை 365 நாள் வரை தள்ளிப்போடலாம். பத்துக் கணினிகளைப் பராமரிக்கிற அலுவலகத்துக்கு இது பெரிய வசதி, ஒற்றைக் கணினி வைத்திருப்பவர் இதைத் தொடக்கூட மாட்டார். ஆதரவுக் காலத்தில் ஏற்றத்தாழ்வில்லை, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் இரண்டுக்குமே 24 மாதம்தான்.

ஆகவே, ரிமோட் டெஸ்க்டாப்போ முழு பிட்லாக்கரோ இன்றே தேவைப்படாதவர் ஹோமையே எடுக்கலாம். தேவை பின்னால் வந்தால் புரோ உரிமச் சாவியை உள்ளிட்டால் போதும். கோப்புகளும் நிறுவிய மென்பொருள்களும் அப்படியே இருக்கும், ஒருமுறை மறுதொடக்கம் ஆகும். புரோவிலிருந்து ஹோமுக்கு இறங்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவ வேண்டியிருக்கும். புரோ உரிமம் வாங்குவதற்கு முன் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: அலுவலக வரிசை மடிக்கணினிகள் பலவற்றில் புரோ உரிமம் ஏற்கெனவே மதர்போர்டில் பதிந்தே வருகிறது. அமைப்புகளில் ‘சிஸ்டம்’, அதற்குள் ‘அபவுட்’ பக்கத்தைத் திறந்தால் உங்களிடம் இருப்பது எந்தப் பதிப்பு என்று தெரிந்துவிடும்.