தலைக்கணக்கா, தாளக்கணக்கா, நடவு வயலா? உருவம் வரையத் தொடங்குபவருக்கு

மனித உருவம் வரைய ஆரம்பித்தவர் முதலில் முட்டிக்கொள்வது அளவில்தான். முகம் அழகாக வந்திருக்கும். கீழே போனால் கை முழங்காலைத் தொடும், கால் குட்டையாகிவிடும். இதைச் சரிசெய்ய ஆளுக்கொரு வழி சொல்வார்கள். டெல்டாவில் இருப்பவருக்கு ஒரு வழி கூடுதல், வெண்கலச் சிலை வார்க்கும் சுவாமிமலை பக்கத்திலேயே இருப்பதால்.

எல்லோரும் சொல்வது தலைக்கணக்கு. உச்சி முதல் மோவாய் வரை ஒரு தலை. சராசரி ஆள் ஏழரைத் தலை உயரம். பாடங்களில் லட்சிய உருவத்துக்கு எட்டு என்று வைப்பார்கள். எட்டு என்றால் பிரிப்பது சுலபம்: இரண்டாவது தலை முடிவில் மார்புக்காம்பு, மூன்றாவதில் ஏறத்தாழ தொப்புள், நான்காவதில் கவட்டை. அதுதான் பாதி உயரம்.

சிற்பிகளின் தாளக்கணக்கு வேறு இடத்தில் தொடங்குகிறது. தாளம் என்பது முகத்தின் நீளம், அதாவது முடி தொடங்கும் இடத்திலிருந்து மோவாய் வரை, 12 அங்குலம். இந்த அங்குலம் நம் ஸ்கேலில் உள்ளதல்ல, சிலையின் உயரத்தைப் பொறுத்து மாறும். பரவலான நவதாள (ஒன்பது தாள) கணக்கில் முகம் 12, கழுத்து 4, கழுத்திலிருந்து மார்பு, தொப்புள், குறி (கவட்டை) என மூன்று 12, தொடை 24, முழங்கால் 4, கணைக்கால் 24, பாதம் 4, மொத்தம் 108. முகத்துக்கு மேல் உச்சிக்கு 4 சேர்த்தால் 112.

இரண்டையும் ஒரே தாளில் போட்டுப் பாருங்கள். முகம் 12, உச்சி 4, ஆக முழுத் தலை 16. 112-ஐ 16-ஆல் வகுத்தால் ஏழு தலைதான். ஒன்பது தாளத்தை ஒன்பது தலை என்று நினைத்து வரைந்தால் ஆள் பனைமரம் மாதிரி நிற்பான். பாதி உயரம் மட்டும் இரண்டிலும் ஒரே இடம்: குறிக்கு மேலே 56, கீழே 56. வேறெதை மறந்தாலும் இந்தப் பாதியை மறக்க வேண்டாம்.

எது நல்லது? ஆரம்பத்தில் தலைக்கணக்குதான். தாளக்கணக்கு தெய்வத் திருமேனிக்காக வகுத்தது. சிவன், விஷ்ணு போன்றோருக்கு 124 அங்குல உத்தம தசதாளம் (பத்துத் தாளம்) என்று அது தனியாக விரியும். நம் தெருவில் நடக்கும் ஆளுக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் ஸ்தபதிகளின் ஒடியோலையைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். சிலையின் உயரத்துக்குத் தென்னங்கீற்றை நறுக்கி, மடித்து மடித்து அளவு குறிப்பார்கள். நீங்கள் வரையும் உருவத்தின் உயரத்துக்கு ஒரு காகிதப் பட்டையை வெட்டி மூன்று முறை பாதியாக மடியுங்கள். எட்டுத் தலை தயார். ஸ்கேலும் வேண்டாம், வகுத்தலும் வேண்டாம்.

இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. நேராக நிற்கும் ஆளுக்கு மட்டும்தான் இவை சரிப்படும். நடவு வயலுக்குப் போனால் இரண்டும் கைவிட்டுவிடும். இடுப்பு மடிந்து, முதுகு ஏறக்குறைய படுக்கையாகி, தலை இடுப்புக்குக் கீழே தொங்குகிறது. இதில் எத்தனை தலை என்று எண்ணுவது? இங்கே விரைவுக்கோடுதான், அதாவது உடம்பின் நிலையை மட்டும் சட்டென்று பிடிக்கும் கோடுதான், கைகொடுக்கும்: 30 நொடி, ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். முதல் கோடு இடுப்பிலிருந்து தோளுக்கு, அடுத்தது உடம்பின் பாரம் தாங்கும் காலுக்கு. விரல், மூக்கு எல்லாம் அப்புறம். நடவு ஆட்கள் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால், விட்ட கோட்டை அடுத்த குனிவில் பிடித்துக்கொள்ளலாம். வரப்பில் உட்காரும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வரைந்ததைக் காட்டினால் "நான் இவ்வளவு குண்டாவா இருக்கேன்?" என்று கேட்பார்கள், பெரும்பாலும் அந்த விமர்சனம் சரியாகத்தான் இருக்கும்.

மாலையில் அரை மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் இருபது நிமிடத்தை இதற்கே கொடுப்பேன். மீதியில் அன்றைய கோடுகளில் ஒன்றை எடுத்து, மெதுவாக அளவு பார்த்துத் திருத்தலாம்.

வெண்கலச் சிலையைப் பார்த்து வரைவது அளவுக்கணக்குக்கும் விரைவுக்கோட்டுக்கும் நடுவில் வருகிறது. தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர் (காளை வாகனச் சிவன்) இருக்கிறார், 1011-ஆம் ஆண்டுச் சிலை. ஒரு காலில் நின்று மறுகாலைக் குறுக்கே வைத்து, இப்போது இல்லாத காளையின் மேல் கையை ஊன்றியிருக்கிறார். பாரம் ஒரு பக்கம் சாயும்போது உடம்பு எப்படி வளைகிறது என்பதை அவசரமில்லாமல் படிக்க இதைவிட நல்ல மாடல் கிடைக்காது. பஸ் ஸ்டாண்டில் நிற்பவர் அதற்குள் பஸ் ஏறிவிடுவார். ஆனால் கை கால்கள் வழுவழுப்பானவை. முழங்கை எலும்பும் தசையும் எங்கே என்று அதில் தேட முடியாது.

அதற்கு எலும்புப் படம் வேண்டும். தசைகளின் பெயரை மனப்பாடம் செய்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 600-க்கு மேல் இருக்கின்றன. தோலுக்கு அடியிலேயே தெரியும் எலும்புகள் போதும்: காறை எலும்பு, முழங்கை முனை, இடுப்பெலும்பின் முன்முனை, முழங்கால் சில்லு, கணுக்கால். உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, பிறகு கவிழ்த்துப் பாருங்கள். முன்கையில் கட்டைவிரல் பக்க எலும்பு மற்றதன் மேல் குறுக்கே புரளும்; முன்கையின் வடிவமே மாறிவிடும். மூட்டை தூக்குபவரின் கையைப் பார்க்கும்போது இது தெரிந்திருந்தால் கோடு தானாக வரும்.

போனில் எடுத்த படத்தை வைத்து வரைவதைக் கடைசியில் வைக்கிறேன். கிட்டத்தில் நின்று எடுத்தால் முன்னால் நீட்டிய முழங்கால் பெருத்து, தலை சிறுத்துவிடும். அதை அப்படியே காப்பி அடித்தால் அளவு கெட்டதே பழகிவிடும். வேறு வழியில்லை என்றால் நாலைந்து மீட்டர் தள்ளி நின்று, ஜூம் செய்து எடுங்கள்.