ரஷ்த் வெட்டுவேலையா, கெர்மான் பத்தேயா?

வீட்டுச் சுவருக்கு ஈரானியத் தையல்வேலை ஒன்று வாங்குவது என்று தீர்மானித்தபோது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஒன்று, காஸ்பியன் கடலையொட்டிய கிலான் மாகாணத்தின் ரஷ்த் நகரத்து வெட்டுவேலை. மற்றொன்று, தென்கிழக்கே கெர்மானில் தைக்கப்படும் பத்தே. இரண்டுமே கம்பளித் துணியில் செய்பவை, இரண்டுமே கண்ணைப் பறிப்பவை. நான் வாங்கியது ரஷ்த் வேலை. இன்று யார் கேட்டாலும் அதையே சிபாரிசு செய்வேன்.

பத்தேயைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அரீஸ் என்னும் கெட்டிக் கம்பளித் துணியில், பெரும்பாலும் சிவப்புத் தரையின் மேல், சாயமேற்றிய கம்பளி நூலால் பெண்கள் தைப்பது அது. மாங்காய், சைப்ரஸ் மரம், நடுவே பெரிய பதக்கம் என்று வடிவங்கள் பழகியவைதான். நல்ல பத்தேயில் அடித்துணி தெரியாத அளவுக்கு நூல் நிறைந்திருக்கும். கெர்மானுக்கு அருகே மாஹானில் உள்ள சூஃபி ஞானி ஷா நெமத்துல்லா வலியின் அடக்கத்தலத்துக்காக 19ஆம் நூற்றாண்டில் தைத்த போர்வை இந்தக் கலையின் உச்சம். கெர்மானில் இன்றும் தைக்கிறார்கள் என்பதால் புதிய பத்தே எளிதில் கிடைக்கும்.

ரஷ்த் வேலையின் அடிப்படையே வேறு. இங்கே நூல் துணியை நிரப்புவதில்லை, துணியே வண்ணமாகிறது. மாஹூத் என்னும் கம்பளித் துணியில் இலைக்கும் பூவுக்கும் பறவைக்கும் இடம் வெட்டியெடுத்து, அதே அளவில் வேறு நிறத் துண்டை அந்த ஓட்டையில் பொருத்தி, விளிம்போடு விளிம்பாகத் தைத்துவிடுகிறார்கள். பிறகு அந்த இணைப்பின் மேல் பட்டு நூலால் சங்கிலித் தையல் ஓடுகிறது. கொக்கி ஊசியால் மேலிருந்து குத்தி, அடியிலிருந்து நூலை இழுக்கும் முறை. நம் ஊர் ஆரி வேலையைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். 1834 முதல் 1848 வரை ஈரானை ஆண்ட முகம்மது ஷா கஜாருக்காக இப்படிச் செய்த வட்டக் கூடாரம் ஒன்றின் உட்புறம் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு அரசனின் கூடாரத்தையே வெட்டுத் துண்டுகளால் கட்டியிருக்கிறார்கள்.

வெட்டிய துணி பிரியாதா என்று கேட்பீர்கள். பிரியாது. மாஹூத்தை நெய்த பிறகு ஈரத்தில் அடித்துச் சுருக்குவார்கள். இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, மேற்பரப்பு கிட்டத்தட்ட நெய்யாமல் அழுத்திச் செய்யும் ஃபெல்ட் துணி போல் இறுகிவிடும். கத்தரித்த ஓரத்திலிருந்து இழை உதிராது. மடித்துத் தைக்கவும் வேண்டாம். பருத்தியில் இதே வேலையைச் செய்தால் ஓரங்கள் நார்நாராகிவிடும்.

என் முடிவைத் தீர்மானித்தது பழுதுபார்ப்பு. கம்பளி வாங்குகிறவர் அந்துப்பூச்சியையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். பத்தேயைப் பூச்சி அரித்தால் போவது நூல். நூல்தான் அங்கே ஓவியம். அதே சாயத்தில், அதே முறுக்கில் நூல் தேடி, அரித்த இடத்தை இழை இழையாக நிரப்ப வேண்டும். நிறம் சற்று மாறினாலும் சிவப்புத் தரையில் திட்டாகத் தெரியும். ரஷ்த் வேலையிலோ, அதைச் செய்த வழியிலேயே பழுதையும் பார்த்துவிடலாம். நான் வாங்கிய துணியில் ஒரு பச்சை இலையின் நடுவே பூச்சி ஓட்டை இருந்தது. ஆரி வேலை செய்யும் ஒரு பெண்மணியிடம் கொடுத்தேன். அவர் இலையைச் சுற்றியிருந்த தையலைப் பிரித்து, பழைய துண்டைக் காகிதத்தில் வைத்து வரைந்து, பில்லியர்ட்ஸ் மேசைக்குப் போடும் பச்சைக் கம்பளித் துணியின் வெட்டுத்துண்டிலிருந்து புதிய இலையைக் கத்தரித்துப் பொருத்தினார். அதன் மேல் மஞ்சள் பட்டுச் சங்கிலி. முன்பக்கம் எந்த இலை புதியது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். திருப்பினால் மட்டும் மற்ற இணைப்புகளைவிட அங்கே தையல் நெருக்கமாக இருப்பது தெரியும்.

ஆனால் இது என் ஒரே அனுபவம். பத்தேயைப் பழுதுபார்க்கக் கொடுத்ததில்லை. கெர்மானிலேயே கைதேர்ந்தவரிடம் போனால் நான் நினைப்பதைவிட நன்றாகவே வரலாம். இன்னொன்று, நூறாண்டு கடந்த அரிய துணியாக இருந்தால் துண்டை மாற்றவே கூடாது. பின்னால் மெல்லிய துணி கொடுத்துத் தாங்கச் செய்வதோடு நிறுத்திவிட வேண்டும். ரஷ்த் வேலையிலும் ஒரு பலவீனம் உண்டு: வெயில் பட்டால் முதலில் இற்றுப்போவது மேலே ஓடும் பட்டு. அது போனால் இணைப்பு வெளியே தெரிந்துவிடும்.

தண்ணீர் இரண்டுக்கும் ஆகாது. சிவப்புச் சாயம் கரைந்து வழியும், வெட்டுவேலையில் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு விதமாகச் சுருங்கி, துணி முழுவதும் மேடு பள்ளமாகிவிடும். இந்த ஒரு விஷயத்தில் பத்தே கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், ஏனென்றால் அதன் அடித்துணி ஒரே துண்டு.

வாங்கும்போது கவனம் தேவை. இன்று ரஷ்தி-தூஸி, அதாவது ரஷ்த் தையல், என்ற பெயரில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை ஒரே நிறத் துணியின் மேல் கொக்கித் தையல் மட்டுமே. அதுவும் அழகுதான், ஆனால் வெட்டுவேலை அல்ல. திருப்பிப் பாருங்கள். முன்னால் உள்ள இலை பின்னாலும் அதே வடிவில், அதே பச்சைத் துணியாக இருக்க வேண்டும். பின்பக்கம் ஒரே நிறத் துணியாகத் தொடர்ந்தால் துண்டை மேலே ஒட்டித் தைத்திருக்கிறார்கள், அல்லது துண்டே கிடையாது.

மேசையிலோ மெத்தை மேலோ விரித்துத் தினமும் புழங்கப்போகிறீர்கள் என்றால் பத்தேயையே வாங்குங்கள்; இணைப்புகள் நிறைந்த துணி அந்த இழுபறியைத் தாங்காது. சுவருக்கு என்றால், வெயில் படாத சுவராகப் பார்த்து ரஷ்த் வேலையை மாட்டுங்கள்.