ஃபோல்ட்ஸ்கோப்: எங்கள் ஏழாம் வகுப்பில் ஒரு வருடம் உழைத்த காகித நுண்ணோக்கி

எங்கள் பள்ளியில் நுண்ணோக்கி இல்லாமல் இல்லை. இரும்பு பீரோவின் மேல்தட்டில், மஞ்சள் துணி போர்த்தி, ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறி, பத்திரமாக இருக்கிறது. மாறுதலாகி வந்த எட்டு வருடத்தில் நான் அதைக் கீழே இறக்கியது நான்கைந்து முறைதான். இறக்கினால் 24 பிள்ளைகள் வரிசையில் நிற்க வேண்டும். ஒருவன் பார்த்துவிட்டு நகரும்போதே திருகைத் திருகிவிட்டுப் போவான். அடுத்தவளுக்கு ஒன்றும் தெரியாது. "தெரிஞ்சுதா?" என்று கேட்டால் "தெரிஞ்சுது டீச்சர்" என்பாள். பாதிப் பேருக்குத் தெரிந்தது அவரவர் கண்ணிமைதான். அதற்குள் மணி அடித்துவிடும்.

கும்பகோணம் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி எங்களுடையது. ஆறு, ஏழு, எட்டு மூன்றுக்கும் அறிவியல் என் பொறுப்பு. ஆறில் செல் பாடம், ஏழில் செல் உயிரியல், எட்டில் நுண்ணுயிரிகள் என்று மூன்று வருடமும் கண்ணுக்குத் தெரியாத சங்கதிகளையே படம் போட்டு நடத்த வேண்டியிருக்கிறது. அதனால்தான் போன வருடம் ஜூனில், பழைய மாணவர் ஒருவர் பாதிப் பணம் கொடுக்க, மீதியை நான் போட்டு 12 ஃபோல்ட்ஸ்கோப் வாங்கினேன். இரண்டு பேருக்கு ஒன்று. ஒரு வருடம் முழுக்கப் பயன்படுத்திவிட்டு எழுதுகிறேன்.

பெயர்தான் நுண்ணோக்கி, கையில் எடுத்தால் கல்யாணப் பத்திரிகை மாதிரி தட்டையாக இருக்கும். எடை பத்து கிராம்கூட வராது. தண்ணீர் பட்டாலும் ஊறாத ஒருவகைக் காகிதம். வெட்டுக்குறி போட்ட தாளிலிருந்து பாகங்களைப் பிய்த்தெடுத்து, மடித்து, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகினால் கருவி தயார். நடுவில் கடுகளவு உருண்டை வில்லை ஒன்று. 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் ஜிம் சைபுல்ஸ்கியும் உருவாக்கி, 2014-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டது. மனு பிரகாஷ் மீரட்டில் பிறந்து ஐஐடி கான்பூரில் படித்தவர் என்றதும் கடைசி பெஞ்சிலிருந்து "நம்ம ஆளா டீச்சர்?" என்று ஒரு குரல். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

இவ்வளவு சின்ன வில்லை எப்படி இவ்வளவு பெரிதாகக் காட்டும் என்பதை நடத்த நான் கஷ்டப்படவில்லை. நோட்டின் பிளாஸ்டிக் அட்டைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அடியில் இருக்கும் எழுத்தைப் பார்க்கச் சொன்னேன். அப்புறம் அதைவிடச் சின்னச் சொட்டு. உருண்டை சிறுக்கச் சிறுக்க ஒளி அதிகம் வளைகிறது, எழுத்து பெரிதாகிறது. டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லூவன்ஹூக் சுமார் 350 வருடத்துக்கு முன் ஒற்றை வில்லையை வைத்துக் குளத்து நீரில் உயிர்களைப் பார்த்ததும் இதே சூட்சுமத்தில்தான். பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோகும் அந்த மனிதர் அன்று கொஞ்சம் நேரம் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை மடிப்பு. ஒரு பாடவேளையில் முடித்துவிடலாம் என்று நினைத்தது என் தப்பு. இரண்டு பாடவேளை போயிற்று, அதிலும் மூன்று ஜோடி முடிக்கவில்லை. எந்த மடிப்பு மேலே, எந்த நாக்கு எந்தத் துளைக்குள் என்பதில் நானே ஒருமுறை தலைகீழாகச் செருகிவிட்டேன். படத்தைப் பார்த்துச் செய்வதில் என்னைவிடப் பிள்ளைகள் கெட்டி. குறிப்பாக, வீட்டில் அம்மாவுடன் பூக்கட்டும் பெண் ஒருத்தி. அவளுடையது முதலில் முடிந்தது, அப்புறம் நான்கு பேருடையதை அவள்தான் சரிசெய்தாள். நீங்கள் வாங்கினால் முந்தின நாள் வீட்டில் ஒன்றை மடித்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.

இரண்டாவது, பார்க்கும் பழக்கம் வரவே ஒரு வாரம் ஆகும். புருவம் காகிதத்தில் இடிக்கும் அளவுக்குக் கண்ணோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். முகத்தை வெளிச்சத்துக்கு நேராகத் திருப்ப வேண்டும். குவியத்துக்குப் பக்கவாட்டில் இருக்கும் காகிதப் பட்டையை மயிரிழை அளவுதான் இழுக்க வேண்டும். பிள்ளைகள் மாட்டு வண்டிக் கயிறு மாதிரி இழுப்பார்கள். இன்னொன்று, கண்ணாடி ஸ்லைடை மாற்றிச் செருகினால் எவ்வளவு இழுத்தாலும் படம் விழாது. மாதிரி இருக்கும் பக்கம் வில்லையைப் பார்த்து இருக்க வேண்டும், ஏனென்றால் வில்லைக்கும் மாதிரிக்கும் நடுவே இருக்கக்கூடிய தூரமே அவ்வளவு குறைவு. இது புரியாமல் முதல் நாள் ஐந்து கருவிகளை "ரிப்பேர்" என்று ஓரம்கட்டி வைத்தேன். பிடித்ததும் படத்தின் நடுப்பகுதி மட்டும்தான் துல்லியம், ஓரமெல்லாம் மங்கல், சில இடத்தில் வானவில் நிறம். பெரிய நுண்ணோக்கியில் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். இதில்தான் முதன்முதலாகப் பார்க்கும் பிள்ளைக்கு அந்த வித்தியாசமே தெரியாது.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: வெளிச்சத்தைப் பார் என்று சொன்னால் சூரியனையே பார்க்கும் ஆள் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவன் இருப்பான். ஜன்னல், வெள்ளைச் சுவர், வெளிறிய வானம் இவை மட்டும்தான் என்று முதலிலேயே சொல்லி, பக்கத்தில் நில்லுங்கள். ஐப்பசி மழையில் வகுப்பு இருட்டிக் கிடந்தபோது செல்போன் டார்ச்சின்மேல் பட்டர் பேப்பர் ஒட்டிச் சமாளித்தோம்.

இப்போது செம்பருத்திக் கதை. பள்ளி வாசலில் ஒற்றைச் செம்பருத்திச் செடி உண்டு. அதன் மகரந்தத்தை செலோடேப்பில் ஒற்றி, கிட்டில் வரும் காகித ஸ்லைடில் ஒட்டினோம், அவ்வளவுதான் வேலை. முதலில் பிடித்த பையன் வகுப்பில் அதிகம் பேசாதவன். கருவியைக் கண்ணிலிருந்து எடுக்காமலேயே "ஊமத்தங்காய் டீச்சர்!" என்று கத்தினான். ஓடிப்போய் வாங்கிப் பார்த்தேன். உருண்டை உருண்டையாக, சுற்றிலும் முள் வைத்து, அசல் ஊமத்தங்காய். எல்லாருக்கும் ஊமத்தங்காய் கிடைத்த பிறகு ஒருத்தி கேட்டாள்: "முள்ளு எதுக்கு டீச்சர், யாரைக் குத்த?" பூச்சியின் உடம்பில் மாட்டிக்கொள்வதற்கு என்றேன். அயல் மகரந்தச் சேர்க்கை என்ற சொல்லை நான் அன்று பலகையில் எழுதவே இல்லை.

வெங்காயத் தோல் கிட்டத்தட்ட உறுதியாகத் தெரியும். சின்ன வெங்காயத்தைவிடப் பெரிய வெங்காயத்தில் சவ்வு சுலபமாக உரிகிறது. சாயத்துக்கு முதலுதவிப் பெட்டியில் இருந்த அயோடின் புண் மருந்தை நீர்த்து ஒரு சொட்டு விட்டேன். செங்கல் அடுக்கின மாதிரி செல்கள், சிலவற்றில் மங்கலான மஞ்சள் புள்ளியாக உட்கரு. பாசியில் ஸ்பைரோகைரா சுருள் சுருளாகப் பச்சை ரிப்பன். பாக்டீரியாவை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். தயிரை வைத்துப் பார்க்கச் சொல்லும் குறிப்புகளை நம்பி ஒருநாள் வீணாக்கினேன், கொழுப்புத் துளிகளைப் பார்த்துவிட்டுப் பாக்டீரியா என்று எழுதி வைத்தார்கள். எட்டாம் வகுப்புக்கு அந்தப் பாடத்துக்கு இது போதாது.

எனக்கு இந்தக் கருவி கொடுத்த பெரிய உதவி ப்ராஜெக்ட் விஷயத்தில். வளரறி மதிப்பீட்டின் 40 மதிப்பெண்ணுக்கு ஏதாவது செய்துகொண்டு வரச் சொல்ல வேண்டும். சொன்னால் என்ன வருகிறது? தெர்மாகோல் விலங்கு செல். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் வண்ணம் அடித்து, பெயர்ச் சீட்டு ஒட்டி, ரெடிமேடாகவே விற்கிறார்கள். ஒரு வருடம் ஒரே அச்சில் ஏழு வந்தன. ஏழிலும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஒரே எழுத்துப்பிழை. கூலிவேலைக்குப் போகிற அம்மா அதற்கு ஒருநாள் சம்பளத்தில் பாதியைக் கொடுத்திருப்பார். அந்தப் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்ட வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு.

இந்த முறை கேள்வி மட்டும்தான் கொடுத்தேன்: நம் ஊரில் எந்தத் தண்ணீரில் அதிகம் உயிர் இருக்கிறது? அடிபம்பு, வாய்க்கால், கோயில் குளம், மாட்டுத் தொட்டி என்று நான்கு இடம் அவர்களே சொன்னார்கள். ஜாம் பாட்டிலில் பிடித்து, கொஞ்சம் வைக்கோல் போட்டு, நான்கைந்து நாள் ஜன்னலோரம் வைத்தோம். டெல்டாவில் வைக்கோலுக்கா பஞ்சம்! நாற்றம் வரத் தொடங்கியதும் தலைமையாசிரியர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஐந்தாம் நாள் மாட்டுத் தொட்டிதான் ஜெயித்தது. பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரி கூட்டம் கூட்டமாக ஓடியது. ஓட்டத்தைப் பிடிக்க முடியாமல் பிள்ளைகள் தவித்தபோது சொட்டுக்குள் இரண்டு பஞ்சு இழை போடச் சொன்னேன். இழைக்குள் மாட்டிக்கொண்டு அவை மெதுவாகின. "புத்தகத்துல செருப்புன்னு போட்டிருக்கு, இது ஓடுற அரிசி மாதிரில்ல இருக்கு?" என்று ஒருவன் எழுதிக் கொடுத்தான். முழு மதிப்பெண் போட்டேன். அடிபம்புத் தண்ணீரில் ஒன்றுமே இல்லை என்று எழுதிய குழு வருத்தப்பட்டது. ஒன்றும் இல்லை என்பதும் ஒரு முடிவுதான் என்று அவர்களை நம்பவைக்கத்தான் அதிக நேரம் ஆனது.

செல்போனில் ஒட்டிப் படம் எடுக்கக் காந்த வளையம் தருகிறார்கள். வளையத்தைக் கேமராவைச் சுற்றி ஒட்டினால் கருவி கப்பென்று பிடித்துக்கொள்ளும். என் புது போனில் மூன்று கேமரா. எது திறந்திருக்கிறது என்று அதற்கே தெரியாமல் மாறி மாறிப் படம் போய்விடும். சத்துணவு அமைப்பாளர் அக்காவின் பழைய ஒற்றைக் கேமரா போனில்தான் எங்கள் நல்ல படங்கள் எல்லாம் எடுத்தவை. ஸ்மார்ட் வகுப்புத் திரையில் அந்த ஊமத்தங்காயைப் போட்டபோது நான்காம் வகுப்புக்காரர்களும் வந்து வாசலில் நின்றார்கள்.

உழைப்பைப் பற்றி: மூன்று மாடி உயரத்திலிருந்து விழுந்தாலும் மிதித்தாலும் தாங்கும் என்று அந்த ஆய்வுக் கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். எங்களிடம் மாடி இல்லை. ஒன்று வாய்க்காலில் விழுந்து, துடைத்துக் காயவைத்ததும் வேலை செய்தது. ஒன்றை சைக்கிள் ஏற்றியும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் குவியப் பட்டை நான்கைந்து மாதத்தில் தளர்ந்துவிடுகிறது. ஸ்லைடுக்குப் பின்னால் ஒரு துண்டுக் காகிதம் செருகினால் இறுக்கம் திரும்பும். ஒரு கருவியில் வில்லை எங்கேயோ உதிர்ந்து தொலைந்தது. கடுகைத் தரையில் தேடுவதற்கு அது ஒன்றும் குறைவில்லை, வகுப்பே பெருக்கித் தேடியும் கிடைக்கவில்லை. கண்ணாடி போட்ட பிள்ளைகள் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். மெட்ராஸ் ஐ பரவும் காலத்தில் இரண்டு வாரம் எல்லாவற்றையும் டப்பாவில் போட்டுப் பூட்டிவிட்டேன். இமை படும் கருவி, இரவல் வேண்டாம்.

வாங்கும் இடம் முக்கியம். பத்தை நேராக ஃபோல்ட்ஸ்கோப் தளத்திலேயே வாங்கினேன், குறை இல்லை. இரண்டை மட்டும் அவசரத்தில் ஓர் இணையச் சந்தையில் வேறொரு விற்பனையாளரிடம் வாங்கினேன். இரண்டிலும் காந்தம் இல்லை. ஃபோட்டோ எடுத்து அனுப்பியும் மூன்று வாரம் "பரிசீலிக்கிறோம்" என்றே பதில். கடைசியில் விட்டுவிட்டேன். விலை ஒன்றுக்குச் சில நூறு ரூபாய்தான், மொத்தமாக எடுக்கும் வகுப்பறைக் கிட்டில் இன்னும் குறையும். தகர டப்பாவில் விளக்கு, இடுக்கி, சொட்டுக் குழாய் எல்லாம் வைத்துத் தரும் ஆடம்பரக் கிட் பள்ளிக்குத் தேவையில்லை. ஊசி, பிளேடு, இங்க் ஃபில்லர், செலோடேப் இவ்வளவு போதும்.

பீரோ நுண்ணோக்கியோடு ஒப்பிட்டால் தெளிவில் இது தோற்கும். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் இதை ஒரு பிள்ளையின் பையில் போட்டு வீட்டுக்கு அனுப்ப முடியும். விலை உயர்ந்த கருவியைத் தொடவே ஆட்கள் பயப்படுவதைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்ததாக மனு பிரகாஷ் சொல்லியிருக்கிறார். ஸ்டாக் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்ட எவருக்கும் அந்தப் பயம் புரியும். திங்கட்கிழமை காலையில் தீப்பெட்டிக்குள் என்னென்னவோ வரும்: எறும்புக் கால், அண்ணனின் மீசை முடி, வீட்டுப் பல்லியின் உதிர்ந்த தோல்.

12 வாங்கியதில் இப்போது 11 இருக்கிறது. வில்லை தொலைந்தது ஒன்று. ஊமத்தங்காய்ப் பையன் கோடை விடுமுறைக்கு எடுத்துப்போனதை இன்னும் திருப்பித் தரவில்லை. கேட்டால், "வயல்ல நெல்லுப் பூ வரட்டும் டீச்சர், பார்த்துட்டுத் தரேன்" என்கிறான். அவன் கணக்கில் அதையும் 11-இல் சேர்த்திருக்கிறேன். ஆறாம் வகுப்புக்காக இன்னும் பத்து வாங்கப்போகிறேன், இந்தத் தடவை எல்லாமே நேரடித் தளத்தில்.