தோட்டப் பட்டணத்துக்கு இண்டர்சேஞ்ச் வருகிறது: எந்தக் கட்டத்தில் ஆட்சேபித்தால் எடுபடும்?

மலேசியாவில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி வளர்ந்த பட்டணங்களில் கடைத்தொகுதியும் இண்டர்சேஞ்சும் (நெடுஞ்சாலையில் ஏறி இறங்கும் சந்திப்பு) சேர்ந்தேதான் வரும். கடைகள் வருவதால் சாலை வேண்டும் என்று ஒரு அறிக்கை சொல்லும். சாலை வருவதால் கடைகள் பொருத்தம் என்று இன்னொன்று சொல்லும். இதை எதிர்க்க நினைப்பவர்களுக்கு மூன்று இடங்கள் உண்டு: உள்ளூர்த் திட்ட வரைவு, அதாவது ரஞ்சாங்கான் தெம்பாத்தான்; திட்ட அனுமதி விண்ணப்பம்; நில எடுப்பு விசாரணை. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், குடியிருப்பவருக்கு முதலாவதில்தான் உண்மையான இடம் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் மூன்றாவது வந்த பிறகுதான் கூட்டமே போடுகிறார்கள்.

உள்ளூர்த் திட்டத்தின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். ஆட்சேபம் எழுதக் குறைந்தது 4 வாரம் தர வேண்டும் என்பது 1976ஆம் ஆண்டின் 172ஆவது சட்டம். இங்கே கிரான், அதாவது நில உரிமைப் பத்திரம், கேட்க மாட்டார்கள், யாரும் எழுதலாம். வரைபடத்தைப் பார்க்கப் போகிறவர் முதலில் தேட வேண்டியது கடைகளை அல்ல. கோயிலையும் தமிழ்ப்பள்ளியையும் இடுகாட்டையும். அவை தனிக் குறியீடு இல்லாமல் சுற்றியுள்ள விவசாய நிறத்துக்குள்ளேயே கரைந்திருக்கக்கூடும். அப்படி விட்டுவிட்டால், அந்த நிறம் வணிகமாக மாறும் நாளில் அவையும் சேர்ந்தே மாறிவிடும். ‘லோட் எண் (நிலத்துண்டின் எண்) இது, இதற்குத் தனிப் பயன்பாடு குறிக்க வேண்டும்’ என்று எழுதுங்கள். ஒரே வாசகத்தில் 500 பேர் கையெழுத்திட்ட மனுவை விட லோட் எண்ணும் வரைபடப் பக்கமும் உள்ள 20 தனிக் கடிதங்கள் நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் விசாரணையில் பதில் சொல்ல வேண்டியது காரணங்களுக்குத்தான், தலைகளுக்கு அல்ல. மலாயில் எழுதி, நகலில் ‘தெரிமா’ (பெற்றுக்கொண்டோம்) என்ற சாப், அதாவது முத்திரை, வாங்கிக்கொள்ளுங்கள். சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுத்த மனு, உள்ளூராட்சி மன்றத்தில் கொடுத்த ஆட்சேபம் ஆகாது.

திட்ட அனுமதிக் கட்டம் வெளியே பார்க்க வலுவாகத் தெரியும். அதே 172ஆவது சட்டத்தின் 21, 23ஆவது பிரிவுகளில் அக்கம்பக்கத்தாருக்கு அறிவிப்பு, ஆட்சேபிக்க 21 நாள், கேட்டுக்கொண்டால் விசாரணை, ஆட்சேபத்தை ஏற்காவிட்டால் ஒரு மாதத்துக்குள் மேல்முறையீட்டு வாரியம் எல்லாம் உண்டு. ஆனால் அறிவிப்பு போவது பக்கத்து நிலத்தின் உரிமையாளருக்கு; அதுவும் உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில். பக்கத்து நிலம் என்றால் ஒட்டிய நிலம், இடையில் 20 மீட்டருக்கு மேற்படாத சாலையோ கால்வாயோ உள்ள நிலம், அல்லது முட்டுச்சாலையைப் பகிரும் 200 மீட்டருக்குள் உள்ள நிலம். லயத்து வீட்டுக்குக் கிரான் தோட்ட நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. நிலத்தை விற்பதே அந்த நிறுவனம் என்றால், அது யாரிடம் ஆட்சேபிக்கும்?

நில எடுப்பில் இன்னும் மோசம். 1960ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டப்படி போராங் E (விசாரணைக்கு அழைக்கும் படிவம்) வந்துவிட்டால் விசாரணை தொகையைப் பற்றியது: அளவு, மதிப்பு, யாருக்கு எவ்வளவு. சாலையே வேண்டாம் என்று அங்கே வாதிட முடியாது. உரிமையாளர் விருப்பத்தில் மட்டும் குடியிருப்பவரைச் சட்டம் ‘அக்கறையுள்ளவர்’ பட்டியலில் சேர்ப்பதும் இல்லை.

நீதிமன்றச் சீராய்வு மனுவுக்கு 3 மாத அவகாசம். அங்கும் முதல் கட்டத்தில் பதிவானதுதான் பிடி கொடுக்கும். கோலாலம்பூர் தாமான் ரிம்பா கியாரா வழக்கில் 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அடுக்குமாடி அனுமதி ரத்தானதை உறுதி செய்தது; பூங்கா என்று திட்டத்தில் எழுதியிருந்ததை மாநகராட்சி காரணம் சொல்லாமல் தாண்ட முடியாது என்பது அதன் மையம். அங்கே நீண்ட வீடுகளில் இருந்தவர்களும் பழைய தோட்டத் தொழிலாளர்கள்தான். கோலாலம்பூருக்குச் சட்டம் வேறு என்றாலும், தர்க்கம் நமக்கும் பயன்படும்.

இண்டர்சேஞ்சை நிறுத்த முடியாவிட்டால் வடிவத்தையாவது கேளுங்கள். எல்லா வண்டியும் ஒரே டோல் சாவடி வழியாகப் போக வேண்டிய நெடுஞ்சாலையில் எக்காள வடிவம்தான் (ஒரு பாதை வளையமாகச் சுற்றி வரும் சந்திப்பு) வழக்கம். அதன் வளையம் நிலம் விழுங்கும்: 50 மீட்டர் ஆரம் என்றாலே உள்ளே ஏறக்குறைய 2 ஏக்கர் சும்மா கிடக்கும். வைர வடிவம் (வளையம் இல்லாமல் ஏறு, இறங்கு பாதைகள் ஊர்ச்சாலையில் சேரும் சந்திப்பு) நெடுஞ்சாலையோரம் ஒல்லியான கீற்றுகளை மட்டும் எடுக்கும்; பதிலாக ஊர்ச்சாலையில் இரண்டு சமிக்ஞை விளக்குச் சந்திப்புகள் முளைக்கும். அங்கே வலப்புறம் திரும்பக் காத்திருக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் இறங்கு பாதையில் வரிசை கட்டும். ஒரு லோரிக்கு இடைவெளியோடு 14 மீட்டர் என்றால், 200 மீட்டர் பாதை 14 லோரியில் நிரம்பிவிடும். அடுத்தது நெடுஞ்சாலையிலேயே நிற்கும். லயமும் பள்ளியும் வளையம் வரும் பக்கத்தில் இருந்தால் வைரத்தைக் கேட்கலாம். பள்ளி வாசல் ஊர்ச்சாலைமேல் இருந்தால் எக்காளமே பரவாயில்லை.

மேம்பாட்டாளரின் போக்குவரத்து ஆய்வை மறுக்கச் சொந்த எண்ணிக்கை வேண்டும். பள்ளி நாளில் காலை 6.30 முதல் 8.30 வரை, 15 நிமிடக் கட்டங்களில், மோட்டார் சைக்கிள், கார், தொழிற்சாலை பஸ், லோரி எனத் தனித்தனியாக, ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஓர் ஆள். மொத்தமாக எண்ணினால் பயனில்லை: லோரிக்கும் மோட்டாருக்கும் கணக்கில் எடை வேறு. பள்ளி விடுமுறையில் எண்ணப்பட்டதா என்பதை அவர்கள் அறிக்கையின் தேதியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.